தளபதிக்கு நடைப் பயிற்சி

பொத்தோஸ்: கத்துங்க ஐயா.

தளபதி: எதுக்கு? நீ இன்னும் தொடவே இல்லையே.

பொத்தோஸ்: தொடப்போறதும் இல்ல. இரும்பைக் காய்ச்சி, அப்படியே தண்ணித் தொட்டியில முக்கிட்டேன். சுர்ருனு கேட்டிருக்குமே... அது வாசல்ல நிக்கிற காவலாளுக்காக. இப்ப உங்க முறை.

தளபதி: ஆ...

பொத்தோஸ்: இது பல்வலிக்குக் கத்துறது. சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்ட குத்தத்துக்கு, பேரரசர் ஆணைப்படி உங்க ரெண்டு கண்ணையும் எடுத்துக்கிட்டிருக்கேன். கொஞ்சம் மனசு வச்சுக் கத்துங்க.

தளபதி: ஆஆஆ... போதுமா?

பொத்தோஸ்: போதும், தொண்டை கட்டிக்கும்.

தளபதி: உனக்கு ஏம்ப்பா இந்த வேலை? மாட்டினா...

பொத்தோஸ்: மாட்டினா என் கண்ணு போகும். அதுக்கு வேற ஆள் இருக்கான். கை நடுங்கும் அவனுக்கு.

தளபதி: அப்புறம் ஏன்?

பொத்தோஸ்: கிரிகோராஸ் என் பையன். கிழக்கு எல்லையில, ஆத்து வெள்ளத்துல போனவனை இழுத்து உங்க குதிரையில ஏத்திக்கிட்டு வந்தீங்க.

தளபதி: அட... அவன் அப்பனா நீ? அதான் குரல் அப்படியே இருக்கு.

பொத்தோஸ்: குரலா? மூஞ்சியே ஒரே அச்சுன்னு ஊரு சொல்லும்.

தளபதி: சொல்லும், சொல்லும்.

பொத்தோஸ்: குனிங்க, கட்டுப் போடறேன். ஆட்டு ரத்தம், நாறும். துணி லேசுதான். ஊடால தெரியுதா?

தளபதி: ம்...

பொத்தோஸ்: அரண்மனை அதிகாரி கூடத்துல உட்கார்ந்திருக்கார். கட்டை அவுக்க மாட்டார், ரத்தம் கண்டா அவருக்கு மயக்கம் வரும். நடக்கச் சொல்லுவார். வழியில ஒரு முக்காலி கிடக்கும். போன தடவை, எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவன் காப்பாத்தப் பாத்த ஒரு இளவரசர் அதைச் சுத்திக்கிட்டு மரியாதையாப் போனார்.

தளபதி: அப்புறம்?

பொத்தோஸ்: அப்புறம் அவருக்கு நிஜமாவே முக்காலி தெரியாமப் போச்சு.

தளபதி: பாவம்.

பொத்தோஸ்: நீங்க தேறிட்டா, மொட்டை போட்டு தீவு மடத்துக்கு அனுப்பிடுவாங்க. பருப்பும் ஒலிவக்காயும் தின்னுக்கிட்டு உசுரோட இருக்கலாம். எங்க, கதவு வரைக்கும் நடங்க. நடுவுல நானும் ஒரு முக்காலி போட்டிருக்கேன்.

தளபதி: ...அம்மா.

பொத்தோஸ்: நல்லா இடிச்சீங்க. துளி தயக்கம் இல்ல. ஆனா அதுக்கப்புறம் எப்படி நேரா கதவுக்குப் போனீங்க?

தளபதி: அங்கிருந்துதானே காத்து வருது.

பொத்தோஸ்: அதான் தப்பு. இன்னிக்குக் கண்ணு போனவனுக்குக் காத்தும் தெரியாது, கதவும் தெரியாது. சுவரைத் தடவுவான், யாராச்சும் பிடிங்கன்னு அழுவான். நீங்க என்னடான்னா பிறவிக் குருடர் மாதிரி அம்சமா நடக்கறீங்க.

தளபதி: மறுபடி நடக்கறேன்.

பொத்தோஸ்: தடுமாறுங்க... இன்னும்... ஐயா, தடுமாறுறது அவ்வளவு கஷ்டமா?

தளபதி: பழக்கம் விட்டுப்போச்சு.

பொத்தோஸ்: என்ன பழக்கம்?

தளபதி: அதை விடு. இன்னொரு தரம் நடக்கறேன்.

பொத்தோஸ்: இருங்க, கட்டை அவுக்கறேன்... இப்ப என் கையில என்ன இருக்கு?

தளபதி: துணி.

பொத்தோஸ்: துணி கீழ கிடக்கு. உங்க கண்ணுக்குள்ளாற விரலை விடப் போனேன், நீங்க இமைக்கவே இல்ல.

தளபதி: ரெண்டு வருஷமாச்சு பொத்தோஸ். முதல்ல மங்கிச்சு, அப்புறம் ஒரேயடியா இருட்டு.

பொத்தோஸ்: மாதாவே... போன மாசம்தானே தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள் மதில் வரைக்கும் படையோட வந்தீங்க?

தளபதி: குதிரைக்குக் கண்ணு இருந்துச்சு. உதவித் தளபதி காதுல சொல்லிக்கிட்டே வந்தான். உடம்புல ஊனம் இருந்தா சிம்மாசனம் ஏற விடமாட்டாங்க, அதான் மூச்சு விடல.

பொத்தோஸ்: இல்லாத கண்ணைக் காப்பாத்த என் கண்ணைப் பணயம் வச்சிருக்கேன்... எனக்கு வயிறு எரியுது ஐயா. வாங்க, இப்பவே அதிகாரிகிட்ட சொல்லிடலாம். எனக்கும் பயமில்ல, உங்களுக்கும் நடிப்பில்ல.

தளபதி: சொல்லலாம். கண்ணை எதுக்கு எடுக்கறாங்க? குருடனால படை நடத்த முடியாதுன்னு நம்பித்தானே? நான் நடத்திக்கிட்டு மதில் வரைக்கும் வந்துட்டேன்னு தெரிஞ்சா, அடுத்து தலையைத்தான் எடுப்பாங்க... கட்டைப் போடு. எப்படித் தடுமாறணும்னு இன்னொரு தரம் சொல்லிக் குடு.