ஸ்பாய்லரின் இரண்டு முனைகள்

– மிஷின நிறுத்துக்கா.

– ஏன்டா, கரண்ட் போயிடுச்சா?

– கரண்ட் எங்கயும் போகல. பாலிஷ் பேடத் திருப்பிப் பாரு. என்ன நிறத்துல இருக்கு?

– காலங்காத்தால பாடம் நடத்தறியா? வெள்ளையா இருக்கு. மேல இருக்கற கிளியர் பூச்சு தேஞ்சா வெள்ளப் பொடிதான் வரும். இத்தன வருஷமா அதத்தான பாக்கறோம்.

– கறுப்பா இருக்குக்கா.

– போடா.

– கன்னங்கரேல்னு இருக்கு. கிளியரெல்லாம் போயி, உள்ள இருக்கற கார்பன் நெசவையே அரைச்சுக்கிட்டிருக்கே.

– டிக்கி ரப்பர்ல பட்டிருக்கும். அது எப்பவும் கறுப்பு விடும்.

– ரப்பருக்கும் உன் முனைக்கும் ஒரு முழம் தூரம். வெரல வெச்சுப் பாரு. சொரசொரங்குதா இல்லியா?

– ம்.

– என்ன ம்?

– சொரசொரங்குது. அதுக்கு ஏன் கத்தறே? தெருவுக்கே கேக்கும்.

– கத்தாம? அஞ்சு மணிக்கு வக்கீல் வந்து நிப்பாரு. கார் பின்னால ரெக்க மாதிரி நிக்கற, வெயில்ல மஞ்சளாப் போன இந்த ஸ்பாய்லரப் பளபளன்னு ஆக்கி, இனிமே மங்காம கோட்டிங் போட்டுக் குடுங்கன்னு நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு. கார்பன் ஃபைபர்க்கா. உடைஞ்ச பிளாஸ்டிக்கா, ஒட்டிக் குடுக்க?

– கறுப்பு மெழுகத் தேச்சு மேல கோட்டிங் போட்டா ஒரு மாசம் வெளிய தெரியாதுங்கறியா?

– நான் எங்க சொன்னேன்? நீதான் சொல்றே.

– நீ சொல்றியான்னு பாத்தேன்.

– அக்கா, இப்படி வா. லைட்டுக்கு நேரா நில்லு. கோவப்படாம சொல்லு. உனக்குக் கண்ணு தெரியலையா?

– தெரியுதே. நேராப் பாத்தா நடுவுல புகை மாதிரி இருக்கு. ஓரமாப் பாத்தா உன் காது ரெண்டும் தெரியுது, மூக்கத்தான் காணோம். பெரிய நஷ்டமில்ல.

– எப்பலேர்ந்து?

– மழைக்கு முன்னாடிலேர்ந்து. சோப்புத் தண்ணி தெறிச்சிருக்கும்னு நெனச்சேன்.

– டாக்டர்கிட்ட காட்டினியா?

– காட்டாம? கண்ணுக்குக் கோட்டிங் எதுவும் இருக்கான்னு கேட்டேன். பாவம், சிரிச்சாரு. போனது போனதுதானாம். இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாமாம். ஊசி போடறாங்க.

– அப்ப சாமான் வாங்கப் போறேன்னு அரை நாள் காணாமப் போவியே, அது?

– ஒரு டப்பா பாலிஷ் காம்பவுண்டு வாங்க அரை நாளா ஆகும்? நீதான் ஒரு வார்த்த கேக்கலியே.

– நீ சொன்னா நம்பற ஆளு நான். எதுக்குக் கேக்கணும்?

– சரி, அந்த ஸ்டூல இழு. முதுகு விட்டுப் போச்சு.

– இரு இரு. அதுக்குத்தான் பக்கம் மாத்தணும், பக்கம் மாத்தணும்னு ஒத்தக் கால்ல நின்னியா?

– அது கடை தொறந்த நாள்லேர்ந்து உள்ள பழக்கம்டா. ஆளுக்கொரு முனையில ஆரம்பிப்போம். உன் கை அழுத்தும், என் கை மெதுவாப் போகும். பாதியில மாத்திக்கிட்டாத்தான் ரெண்டு முனையும் ஒரே மாதிரி வரும்.

– பாதியில மாத்தின காலம் வேற. இப்பல்லாம் கால்வாசி கூட ஆகல, எந்திரி மாத்துங்கறே. நம்ம கை அவ்வளவு முரடாப் போச்சான்னு நான் வீட்ல பொலம்பிக்கிட்டிருக்கேன். கடைசில, நீ தேச்சதையெல்லாம் நான் திரும்பத் தேச்சிருக்கேன்!

– ஆமா. நீ என் பக்கம் வந்தா நான் விட்டதையெல்லாம் எடுத்துடுவே. தெரிஞ்சுதான் அனுப்பினேன்.

– நல்லா அனுப்பினே.

– இன்னைக்கு மாத்தற நேரத்துல நீ ஃபோன எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டே. வந்துடுவே, வந்துடுவேன்னு நான் ஓட்டிக்கிட்டே இருந்துட்டேன். அவ்வளவு நேரம் யாருடா ஃபோன்ல?

– அது... அந்தப் பெரிய கார் ஷோரூம்காரங்க. வேலைக்குக் கூப்பிடறாங்க. ஏசி ஹாலு, மாசச் சம்பளம். கார்பன் வேலைக்குன்னே தூசி வராத தனி ரூமாம். இன்னைக்குள்ள பதில் சொல்லணுமாம். உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமத்தான் ஷட்டருக்கு வெளியவே நின்னுக்கிட்டிருந்தேன்.

– என்ன சொன்னே?

– சாயங்காலம் சொல்றேன்னேன். மறைக்கல, வர்றேன்னுதான் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப எப்படிக்கா போறது?

– பஸ்லதான்.

– விளையாடாத. நான் போயிட்டா இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு நீ தனியா என்ன பண்ணுவே?

– மொதல்ல வக்கீலுக்கு ஃபோனப் போட்டுக் குடு. எனக்கு நம்பரு தெரியல.

– என்ன சொல்லப் போறே? இரு, நான் பேசறேன்.

– குடுறா... ஹலோ, சார், பாலிஷ் கடை அக்கா பேசறேன். வண்டி இன்னைக்கு ஆகாது சார். என் கையில ஸ்பாய்லர் கிளியர் தேஞ்சு போச்சு... இல்ல சார், தம்பி இல்ல, நான்தான்... கழட்டி பெயிண்டர்கிட்ட குடுத்துப் புதுசா கிளியர் அடிச்சு, நல்லாக் காஞ்சதும் கோட்டிங் போட்டுத் தந்துடறோம். செலவு எங்களுது... திட்டுங்க சார், கேட்டுக்கறேன்... ஆமா சார், தப்புதான்... அடுத்த வாரக் கடைசில பெயிண்டர் ஷெட்டுக்கே வந்துடுங்க. சரி சார்.

– என்னன்னாரு?

– வக்கீலு, வாய்க்கா பஞ்சம்? வாங்கிக் கட்டிக்கிட்டேன். கடைசில சரின்னாரு.

– ஏன்க்கா பெயிண்டர் ஷெட்டுக்கு வரச் சொன்னே? நம்ம கடைக்கே வரச் சொல்ல வேண்டியதுதானே?

– நீ ஷோரூமுக்கு ஃபோனப் போட்டு வர்றேன்னு சொல்லு.

– நான் போகல. முடிவு பண்ணிட்டேன். இனிமே நீ மிஷினத் தொட வேண்டாம். டேப் ஒட்டு, துடை, வர்றவங்ககிட்ட பேசு. ரெண்டு முனையும் நானே பாத்துக்கறேன்.

– அவங்களுக்கு உன் நம்பரக் குடுத்தது யாருன்னு நெனச்சே?

– யாரு?

– மேனேஜர் வந்து கூப்பிட்டது என்னை. என் தம்பி என்னைவிட நல்லா செய்வான்னு சொல்லி அனுப்பினேன். அது கொஞ்சம் ஜாஸ்திதான். பரவால்ல.

– அக்கா...

– மூஞ்ச அப்படி வெச்சுக்காத. எனக்கு வேற நேராத் தெரிய மாட்டேங்குது. ஸ்பாய்லரக் கழட்டு, பெயிண்டர் சாப்பிடப் போயிடுவான்.

– அப்ப கடை?

– காலி பண்றோம்னு கடை ஓனர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். திங்கக்கிழமை இங்க டயர் கடை வருது.