பை மடியிலேயே இருக்கட்டும்

இல்லங்க, பை மடியிலேயே இருக்கட்டும். பாரம் ஒண்ணும் இல்ல. ஒரு ஃப்ளாஸ்க், சாப்பாடு, உள்ள போகும்போது மாத்திக்க ஒரு ஜோடி ஷூ, அவ்வளவுதான். மேல வச்சா இறங்கும்போது எடுக்க நேரமாகும். எங்க இறங்கப் போறேன்னு எனக்கே இன்னும் தெரியல, அதான்.

டிக்கெட் டுலூத்துக்குத்தான் எடுத்திருக்கேன். ஆனா நடுவுல காட்டன் ஊர்ல பஸ் நிக்குமில்ல, அந்தப் பெட்ரோல் பங்க் பக்கத்துல? திரும்பி வர்ற பஸ்ஸும் அதே நேரத்துக்கு அங்க வந்து நிக்கும். ரெண்டு டிரைவரும் இறங்கி காபி குடிப்பாங்க. இதுல இருந்து இறங்கி அதுல ஏறிட்டேன்னா மத்தியானத்துக்குள்ள ஈவ்லெத்துக்குப் போயிடுவேன், எங்க வீட்டுக்கு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கேப்பாங்க, சமாளிச்சுக்கலாம்.

தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க. பதட்டமா இருந்தா எனக்கு வாய் நிக்காது. உனக்கு வாய்க்கு ஒரு ஹேண்ட் பிரேக் வச்சிருக்கணும்டிம்பார் என் வீட்டுக்காரர். டுவேன்னு பேரு. சுரங்கத்துல வேலை, வருஷத்துல பாதி நாள் லே-ஆஃப், வேலை இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்ப உக்காந்து என்னைக் கிண்டல் பண்றதுதான் வேலை.

பார்த்தீங்களா, இப்ப எப்படி பிரேக் போட்டார்னு. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணுங்க. வளைவுல வச்சு மிதிக்கக் கூடாது. அதுவும் மார்ச் மாசத்துப் பனியில. பகல்ல உருகும், ராத்திரி கண்ணாடி மாதிரி உறைஞ்சிடும். நானும் பஸ் ஓட்டுறவதான். ஸ்கூல் பஸ். அதனாலதான் என்னால பயணியா உக்காரவே முடியாது. கீழ பாருங்க, என் வலது கால் தன்னால தரையை மிதிக்குது.

நீங்க டுலூத்ல எங்க? கண் டாக்டர்கிட்டயா. அடடா. அப்ப சரியாத் தெரியறதில்லையா உங்களுக்கு? ஓ, கிட்டத்துல இருக்கற எழுத்து மட்டும்தான் மங்கலா. தூரத்துல ஆளெல்லாம் நல்லாத் தெரியும். சரி சரி. சும்மாதான் கேட்டேன்.

எனக்கு இண்டர்வியூ. யுனிவர்சிட்டியில. எங்க ஊர் கம்யூனிட்டி காலேஜ் இருக்கில்ல, ரெண்டு வருஷப் படிப்பு, அதை இழுத்து இழுத்து நாலு வருஷத்துல முடிச்சேன். காலையில பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டு கிளாசுக்கு ஓடுவேன். மத்தியானம் கிளாஸ் முடியறதுக்குள்ள பஸ்ஸுக்கு ஓடுவேன். இப்ப அங்கேர்ந்து மாத்திக்கிட்டு டுலூத்ல மூணாம் வருஷம் சேரணும். சோஷியல் ஒர்க் பட்டப்படிப்பு. படிச்சதையெல்லாம் எடுத்துக்கறாங்களாம், ஒரே ஒரு பாடத்தைத் தவிர. எது தெரியுமா? சோஷியல் ஒர்க் அறிமுகம். அதை மட்டும் அவங்ககிட்டயே மறுபடி படிக்கணுமாம். நான் உருப்படியாக் கத்துக்கிட்டதே அந்த ஒரு பாடத்துலதான். என்ன சொல்றது.

இல்ல, சிரிங்க, பரவாயில்ல. எனக்கே சிரிப்பு வந்துச்சு.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, என் பஸ்ல ரெண்டு பொண்ணுங்க, அக்கா தங்கச்சி. ஒரு குளிர்காலத்துல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி கையுறை. அக்கா வலது கையில ஒண்ணு, தங்கச்சி இடது கையில ஒண்ணு. மிச்சம் இருக்கற ரெண்டு கையையும் கோத்து அக்காவோட கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்குவாங்க. தூரத்துலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஏதோ கொஞ்சிக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். பஸ்ஸுக்குள்ள கண்ணாடியில பார்க்கறதுக்கு முன்னாடி நானும் அப்படித்தான் நினைச்சேன். மறுநாள் ஒரு ஜோடி வாங்கி, யாரோ பஸ்ல விட்டுட்டுப் போயிட்டாங்க, அவங்க கேட்டு வர்ற வரைக்கும் நீ போட்டுக்கயேன்னு தங்கச்சிகிட்ட குடுத்தேன். அந்தச் சின்னது தினம் கேக்கும், யாராச்சும் கேட்டாங்களான்னு. இன்னும் இல்லடின்னு சொல்வேன்.

அதைப் பார்த்துட்டு ஸ்கூல்ல ஒரு டீச்சரம்மா, நீ இதையே படிக்கலாமேன்னு சொன்னாங்க. எனக்கு எரிச்சல் வந்துச்சு. அந்த வேலையா, அதுக்கு நான் ஆள் இல்லன்னுட்டேன். ஆனா பாருங்க, காதுல விழுந்தது விழுந்ததுதான்.

பாஸ்டி சாப்பிடறீங்களா? மாவுக்குள்ள கறியும் உருளைக்கிழங்கும் வச்சது. டுவேன் காலையில எந்திரிச்சு சுட்டுக் குடுத்தார், இன்னும் சூடா இருக்கு. வேண்டாமா. பாதி? யார்கிட்டயும் எதுவும் வாங்கிக்கறதில்லையா. ம். ரொம்ப நாள் பழக்கமா இருக்கும். சரிங்க, கட்டாயம் இல்ல.

இண்டர்வியூவுல மூணு பேர் உக்காந்திருப்பாங்களாம். அவங்க என்ன கேக்கணுமோ கேக்கட்டும், ஒரு கேள்விதான் எனக்கு இடிக்குது. நீ ஏன் இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கறே? எல்லார்கிட்டயும் கேப்பாங்களாம். வீட்டுல என் பொண்ணு மேடி அதிகாரி மாதிரி உக்காந்து, மூக்கு நுனியில அவங்கப்பன் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒத்திகை பார்த்தா. நான் கையுறைக் கதையைச் சொன்னேன். நல்லா இருக்கும்மா, ஆனா டிவி விளம்பரம் மாதிரி இருக்குன்னுட்டா. பதினாலு வயசு. இந்த வயசுல எல்லாத்துக்கும் ஒரு வெட்டு வச்சிருக்குங்க.

ஆனா அவ சொன்னது சரி. அது நிஜக் காரணம் இல்ல.

இங்க வேகத்தைக் குறைக்கணும், மான் குறுக்க வர்ற இடம். ம், குறைச்சுட்டார். பரவாயில்ல.

நிஜக் காரணம் என்னன்னா, எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது எங்க வீட்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க. கவுண்ட்டி ஆபீஸ்லேர்ந்து, பிள்ளைங்களைப் பார்த்துக்கற சோஷியல் ஒர்க்கர். எங்கம்மாவுக்குக் குடிப்பழக்கம். அதைப் பத்தி நிறையச் சொல்ல வேண்டாம். நான் ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போகல, வீட்டுல ஹீட்டர் ஓடல. அந்தம்மா என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் வேற ஒரு குடும்பத்துல விடணும். ஹிப்பிங்ல. பேர் சொல்லலேன்னு நினைச்சுக்காதீங்க. யார் பேரையும் வெளியிடத்துல சொல்லக் கூடாதுன்னு கிளாஸ்ல படிச்சிருக்கேன்.

அவங்க கார்ல ஒரு பழைய ரேடியோ. நான் முன் சீட்டுல. கொஞ்ச தூரம் போனதும், உனக்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் வைன்னாங்க. நான் திருகினேன். ஒரு பாட்டு வரும், பாதியில மாத்துவேன். செய்தி வரும், மாத்துவேன். வெறும் கரகரப்பு வரும், அதையும் கொஞ்ச நேரம் கேட்டுட்டு மாத்துவேன். ஹிப்பிங் வரைக்கும் ஒரு ஸ்டேஷன்லயும் நிக்கல. எந்தப் பெரியவங்களா இருந்தாலும் கத்தியிருப்பாங்க. மேடி அப்படிச் செஞ்சா நான் கையில ஒண்ணு வைப்பேன். அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்கு முழுக்க என் இஷ்டத்துக்கு நடந்தது அந்த ஒண்ணுதான். அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்புறம் மாசாமாசம் வந்து பார்ப்பாங்க. பன்னெண்டு வயசுல எங்க சித்தி என்னை ஈவ்லெத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. கேஸ் மூடியாச்சு. அந்தம்மா வர்றது நின்னுபோச்சு. அது சரிதான், அவங்களுக்கு என்னை மாதிரி எத்தனை பிள்ளைங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள், என் சிநேகிதிங்க ரெண்டு பேரோட சூப்பர் மார்க்கெட் போயிருந்தேன். ரொட்டி அடுக்கி வச்சிருக்கற வரிசையில திரும்பறேன், அந்தக் கோடியில அவங்க. வண்டியைத் தள்ளிக்கிட்டு. என்னைப் பார்த்தாங்க. நேரா, முகத்தை. நான் கையைத் தூக்கப் போனேன். பாதி தூக்கிட்டேன். அதுக்குள்ள அவங்க ரொட்டிப் பக்கம் திரும்பி, ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்துட்டு, வச்சுட்டு, வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க.

தூக்கின கையால தலையைச் சொறிஞ்சுக்கிட்டேன்.

சின்ன விஷயந்தான். ஆனா அன்னிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவங்களுக்கு நாம ஒரு வேலை. வேலை முடிஞ்சா மூஞ்சியும் மறந்து போயிடும். அதுக்கப்புறம் யார் எனக்கு நல்லது செஞ்சாலும், இதுக்கு இவங்களுக்கு என்ன சம்பளம்னுதான் புத்தி போகும். டுவேன்கிட்டயே கேட்டிருக்கேன், கல்யாணத்துக்கு முன்னாடி. அந்த மனுஷன் சிரிச்சுட்டு, சம்பளம் தர்றதா இருந்தா முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னார்.

இருங்க, சொல்றேன். போன வருஷம், அந்த அறிமுக வகுப்பு. பாவோலா சார்னு ஒருத்தர் எடுக்கறார். ஒரு நாள் சாதாரணமாச் சொல்லிக்கிட்டே போறார். கடைத்தெருவுல, சர்ச்சுல, எங்கயாவது நீங்க வேலையில கவனிச்சுக்கிட்ட ஒருத்தரைப் பார்த்தீங்கன்னா, முதல்ல நீங்க வணக்கம் சொல்லக் கூடாது. தெரிஞ்ச மாதிரி சிரிக்கக் கூடாது. அவங்களா வந்து பேசினா பேசலாம். ஏன்னா பக்கத்துல இருக்கறவங்க, யார் அதுன்னு கேப்பாங்க. அப்ப அந்த ஆள் என்ன பதில் சொல்வாங்கன்னார்.

எழுதிக்கிட்டிருந்தவ பேனாவைக் கீழ வச்சுட்டேன்.

அன்னிக்கு சூப்பர் மார்க்கெட்ல என் பக்கத்துல அந்த ரெண்டு சிநேகிதிங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்லி வச்சிருந்தேன் தெரியுமா? எங்கம்மா மினியாபொலிஸ்ல நர்ஸா இருக்காங்க, அதனாலதான் சித்தி வீட்டுல இருக்கேன்னு. அந்தம்மா ஒரே ஒரு ஹலோ சொல்லியிருந்தா, அடுத்த கேள்வியில எல்லாம் வெளிய வந்திருக்கும்.

நான் கையைத் தூக்கிக் கேட்டேன், சார், பார்க்காத மாதிரிப் போனா அந்தப் பிள்ளை மனசு என்ன ஆகும்னு. அதுக்காகத்தான் பழக ஆரம்பிக்கும்போதே சொல்லி வச்சுடணும்னார். வெளியில பார்த்தா நான் முதல்ல பேச மாட்டேன், நீ பேசினா பேசுவேன்னு. ஒருவேளை என்கிட்டயும் சொல்லியிருக்கலாம். ஒம்பது வயசுல, அந்த நிலைமையில, நான் எதைக் காதுல வாங்கினேன்.

ஆனா ஒண்ணு இருக்கு பாருங்க. விதிக்காகத் திரும்பிக்கறதும், நிஜமாவே மறந்துபோய்த் திரும்பிக்கறதும், வெளியிலேர்ந்து பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும். அவங்க நிஜமாவே ரொட்டியைத்தான் பார்த்திருக்கலாம். எது நிஜம்னு தெரியாம, அந்த மூணு பேர் முன்னாடி போய் நான் என்னன்னு சொல்றது? மறந்து போற வேலைன்னா, அந்த வேலை எனக்கு வேண்டாம். இன்னொரு பிள்ளையை அப்படி நிக்க வைக்க மாட்டேன். எனக்கு பஸ் போதும். பஸ்லயாவது எல்லாரையும் கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருக்கலாம்.

அதோ, முன் கண்ணாடியில பங்க் தெரியுது. காட்டன் வந்துடுச்சு. எதிர் பஸ்ஸும் நிக்குது.

எந்திரிக்கலங்க, பையைத்தான் சரி பண்ணினேன். ஒரு நிமிஷம்.

நீங்க ஒண்ணைக் கவனிச்சீங்களான்னு தெரியல. இந்த பஸ்ல நம்மளைச் சேர்த்து ஆறேழு பேர்தான். பின்னாடி முழுக்கக் காலி. ஆனா நான் நேரா வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன். நான் ஏறும்போது நீங்க என்னைப் பார்த்தீங்க. நேரா, முகத்தை. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. ஜன்னல்ல ஒண்ணும் இல்ல, முழுக்க உறைஞ்சு வெள்ளையா இருக்கு.

முதல்ல நான்தான் சொல்லணுமாம். அதனால சொல்லிடறேன். வணக்கம், மிஸ் ஆர்டிஸ். நான் ரெனே. என்னை ஞாபகம் இருக்கான்னு கேக்க மாட்டேன். கேட்டா, இருக்குன்னுதான் எல்லாரும் சொல்வாங்க.

என்னது?

பல்லா?

ஆமா. ஆமா, வலது கையில. கையை மூடியே வச்சிருந்தேன், ரேடியோவை இடது கையாலதான் திருகினேன். அன்னிக்குக் காலையிலதான் விழுந்துச்சு. தலகாணிக்கடியில பல்லை வச்சா ராத்திரி வந்து காசு வைக்குமே, அந்தப் பல் தேவதைக்குப் புது வீடு எங்கன்னு தெரியாதேன்னு பயம். ஆமா, வந்துச்சு. முதல் ராத்திரியே வந்துச்சு. அந்த வீட்டு அம்மாகிட்ட நீங்கதான் சொல்லியிருக்கணும்.

மிஸ் ஆர்டிஸ், பல்லைப் பத்தி நான் இன்னிக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

இல்ல, அழல. ஹீட்டர் காத்து நேரா கண்ணுல அடிக்குது. டிரைவர் ஏறிட்டாரா? சரி, அந்த பஸ் போகட்டும். கொஞ்சம் காலை நகர்த்திக்கோங்க, இந்தப் பையை மேல வச்சுடறேன். அதுக்கு முன்னாடி பாஸ்டியை எடுத்துக்கறேன், ஆறிடும். இந்தாங்க, பாதி. என் கேஸை மூடி எத்தனையோ வருஷமாச்சு, இப்ப வாங்கிக்கலாம்.