நாற்பதாவது புள்ளி

பவானிபூரில் எங்கள் வீட்டு மாடியறையில் நல்ல காற்று வரும். என் ஆராய்ச்சிக்கான சோதனைகளை அங்கேதான் வைத்துக்கொண்டேன். நான் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். மாணவர்கள் அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். மனதில் அதிகம் நிறுத்திக்கொள்ள முடிந்தவர்கள் பரீட்சையிலும் அதிக மதிப்பெண் வாங்குவார்கள் என்று நான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

முந்தைய பரீட்சை மதிப்பெண்ணை வைத்துப் பார்த்ததில், நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் வரைபடத்தில் நான் எதிர்பார்த்த நேர்கோட்டை ஒட்டியே வந்தார்கள். கீழ்வீட்டு ஸ்னேகா மட்டும் வரவில்லை. மூன்று எண்ணுக்கு மேல் அவளுக்குத் திருப்பிச் சொல்ல வராது. ஆனால் கணித ஆனர்ஸில் அவள்தான் முதல். காரணம் எளிது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை அவள் அம்மா ஜெயலக்ஷ்மி மாமி சேர்த்துவைப்பார். அவற்றின் பின்பக்கத்தில் கணக்கின் ஒவ்வொரு படியையும் எழுதிக்கொள்வாள்.

"அந்தப் பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடு" என்றார் என் ஆய்வு வழிகாட்டி. கிடைத்த தகவலை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆய்வில் சேரவேண்டியது இறுதிப் பரீட்சை மதிப்பெண். அதற்கு எட்டு மாதம் இருந்தது.

"மாமி, எழுதி எழுதித்தான் இவளுக்கு ஞாபகசக்தியே மழுங்கறது" என்றேன்.

"நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமி. மறுநாள் தாள்கள் குப்பைக்குப் போயின.

ஞாயிறுதோறும் அவளைச் சோதித்தேன். எத்தனை எண் வந்தது என்பதை அவள் அப்பா பட்டாபிராமன் எதிரிலேயே சொன்னேன். ஒருநாள் அழுதாள். "விஜயாக்கா, எழுதிக்கலேன்னா எல்லாம் நழுவிப் போயிடறது."

"அதான்டி உன் வியாதி" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். பரீட்சையிலும் எழுதிப் பார்க்காதே, மனதிலேயே போடு என்று சொல்லி அனுப்பினேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷ இறுதிப் பரீட்சையில் ஸ்னேகா பெயிலானாள். வரைபடக் கோட்டை அவளிடம் கொண்டுபோக வழியில்லை. அவளைத்தான் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்தவள் நான்தான். தேதி வாரியாக என் நோட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தானே பட்டாபிராமன் உங்கள் பல்கலைக்கழக விசாரணைக் கமிட்டியிடம் புகார் கொடுத்தார்.

அவள் இப்போது வெளியே எங்கும் போவதில்லை. படிக்கட்டில் என்னைக் கண்டால், நான் கேட்காமலே எண்களைத் தலைகீழாகச் சொல்ல ஆரம்பிக்கிறாள். இரண்டோடு நின்றுவிடுகிறாள். பாவமாகத்தான் இருக்கிறது.

என்ன குற்றம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வில் பொய் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த அட்டவணையில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை.