குலுங்காத வண்டி

இந்தப் போலீஸ் அதிகாரிக்கு வீட்டில் யாரும் காபியைச் சூடாகக் கொடுப்பதில்லை போலிருக்கிறது, ஆடை படியும்வரை வைத்திருந்து குடிக்கிறாரே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் மேசைமேல் இருந்த முட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுக்கப் போனார்.

"சாய்ச்சுடாதீங்க சார்," என்றேன். பழக்கதோஷம்.

கையை எடுத்துக்கொண்டார். "சுற்றுச்சாலை தூரம் அதிகம்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். தெரியும் என்றேன்.

பாம்பு முட்டை கோழி முட்டை மாதிரி இல்லை. கரு உள்ளே மேல்பக்கமாக ஒட்டிக்கொண்டு வளரும். புரட்டினால் செத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு குறி. அடியில் ஈரமான நார்த்தூள் வேண்டும். காரில் ஏசி கூடாது, வெயிலும் படக்கூடாது. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்குவதே தெரியக்கூடாது. எல்லாம் என் கணவர் கற்றுக்கொடுத்தது. எங்கள் பாம்புப் பண்ணையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அன்றைக்கு முட்டைகளைப் பண்ணைக்குக் கொண்டுபோகும்போது நான் ஓட்டினேன். பக்கத்தில் அவர், அவர் மடியில் பெட்டி. பாதி வழியில் நெஞ்சை அடைக்கிறது என்றார். சட்டை நனைந்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு விடு. வேகமா போ."

குறுக்குச்சாலை முழுக்கப் பள்ளம். நான் வழவழப்பான சுற்றுச்சாலையில் திருப்பினேன். வேகத்தைக் கூட்டவில்லை.

"முட்டை போனா போகுது. ஓட்டுடி."

"குலுங்கினா உள்ள இருக்கிற உயிர் போயிடும்ங்க."

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "வேணும்னே பண்றியா?"

வலியிலும் அவர் மூளை கூர்மையாகத்தான் இருந்தது. குலுங்கினால் உயிர் போய்விடும் என்பது முன்பு அவரே சொன்ன வார்த்தை என்பது நினைவுக்கு வந்துவிட்டது. எனக்குப் பிரசவ வலி எடுத்த நாளில் அவர்தான் ஓட்டினார். பின்சீட்டில் என் பக்கத்தில் இதே போல ஒரு பெட்டி. முட்டை போனா போகுதுங்க என்று நானும் கெஞ்சினேன். போய்ச் சேர்ந்தபோது என் மகள் நீலம் பூத்திருந்தாள். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். முட்டைகள் அத்தனையும் பொரிந்தன. அவர் எல்லோருக்கும் போட்டோ காட்டினார். அதற்குப் பிறகும் அவரோடு சிரித்துப் பேசித்தான் வாழ்ந்தேன். மறந்துவிட்டேன் என்றே நம்பியிருந்தேன்.

பெட்டியைக் கீழே வைக்கப் பார்த்தார். சாய்க்காதீங்க என்றேன். கடைசி மூச்சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி இப்போது குரலைத் தணித்துக்கொண்டார். "பதட்டத்துல எது முக்கியம்னு தெரியாம, முட்டைக்காக மெதுவா வந்துட்டேன்னு எழுதியிருக்கேன்மா. புருஷன் சொல்லிக்கொடுத்ததைத்தானே செஞ்சீங்க. ஒரு கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

நல்ல மனிதர். படித்துப் பார்த்தேன். திருத்தமான கையெழுத்து.

அன்று காலை முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது நான்தான். உயிருள்ள முட்டைக்குள் சிவப்பாக நரம்பு ஓடும். ஒன்றில்கூட ஓடவில்லை, வெறும் மஞ்சள். போய்ச் சேர்ந்தபிறகு சொல்லலாம், இப்போது எதற்கு அவர் மனதை நோகடிப்பது என்று நினைத்து, "எல்லாம் நல்லாருக்குங்க" என்றேன்.

பேனாவை மூடினேன். பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து, பென்சில் குறி அடியில் போகும்படி புரட்டி வைத்தேன்.

"முட்டைக்காக இல்லீங்க," என்று காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். "இதுல நான் கையெழுத்து போட முடியாது."