இதெல்லாம் ஒரு தக்காளியா

கம்பெனிக்காரர்: இதெல்லாம் ஒரு தக்காளியா அண்ணே?

தோட்டக்காரர்: பின்ன என்ன, முட்டைக்கோஸா? கையிலதானே வச்சிருக்க, மோந்து பாரு.

கம்பெனிக்காரர்: மோந்து பாத்துட்டுதான் கேக்கறேன். காம்புப் பக்கம் பூரா பச்சை. அடியைப் பாருங்க... கருப்பு.

தோட்டக்காரர்: கொட்டகைக்குள்ள நின்னு பாத்தா அப்படித்தான். நிழல் அது.

கம்பெனிக்காரர்: நிழலைக் கத்தியால வெட்ட முடியுமா? இதோ வெட்டிட்டேன். உள்ளயும் நிழல் அடிக்குது.

தோட்டக்காரர்: ஒரு கூடையில ஒண்ணு ரெண்டு சொத்தை இருக்கத்தான் செய்யும். பழத்தை டப்பாவுல அடைக்கிற உங்க கம்பெனியில எத்தனை சொத்தை சம்பளம் வாங்குது, நான் கேட்டேனா?

கம்பெனிக்காரர்: என்னைச் சொல்றீங்களா?

தோட்டக்காரர்: நான் பேர் சொல்லலை. நீயா எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது.

கம்பெனிக்காரர்: பேசுங்க, பேசுங்க. பூ பிடிக்கிற நேரத்துல அடிச்ச வெயில்ல பாதிப் பூ கருகிக் கொட்டிடுச்சு. மிச்சம் காய் திரண்டு வர்றப்ப விடாம மழை. தோலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. தோட்டம் தோட்டமாப் பாத்துட்டு வரேன், எங்க போனாலும் இதே கதைதான். உங்க வயல்ல மட்டும் எப்படி விளையும்?

தோட்டக்காரர்: உழைக்கிறவன் வயல்ல விளையும்.

கம்பெனிக்காரர்: யாரு... நீங்களா?

தோட்டக்காரர்: சிரிக்காத. போன மாசம் உங்க மேனேஜர் எங்க எல்லாரையும் கூட்டி வச்சு என்ன சொன்னாரு? இந்தப் பருவம் வரத்தும் அமோகம், தேவையும் அமோகம். சொன்னாரா இல்லையா?

கம்பெனிக்காரர்: சொன்னாரு. ஜன்னல் வழியா வானத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. தக்காளி என்ன, வானத்துலயா காய்க்குது? ஒரு செடியைக் காட்டி இது என்னன்னு கேட்டுப் பாருங்க. டப்பா எங்கன்னு தேடுவாரு.

தோட்டக்காரர்: அவருகிட்ட கைகட்டி நிக்கிறவன்தானே நீ.

கம்பெனிக்காரர்: நிக்கிறேன். கையைக் கட்டிட்டு நின்னா சம்பளம் தராங்க. உங்களுக்கு வயல்ல நின்னும் ஒண்ணும் வரலையே.

தோட்டக்காரர்: சரி விடு... மேட்டுப் பக்கம் போனியா? பேரிக்காய் எப்படி?

கம்பெனிக்காரர்: ஆலங்கட்டி மழை அடிச்சுத் தீர்த்துடுச்சு. ஒவ்வொரு காயும் அம்மை போட்ட முகம் மாதிரி. போன வருஷம் காய் கனத்துக் கிளை ஒடிஞ்சிடுமேன்னு மரத்துக்கு முட்டுக் கொடுத்தாங்க. இந்த வருஷம் மரம் சும்மா நிக்குது.

தோட்டக்காரர்: அப்ப தேறின காய்க்குக் கம்பெனியில கிராக்கி இருக்கும்.

கம்பெனிக்காரர்: இருக்கும்... ஏன் இருக்காது... சரி, எழுந்திருங்க. வயலை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.

தோட்டக்காரர்: வயலுக்கா? சேறு. உன் செருப்பு புதைஞ்சிடும்.

கம்பெனிக்காரர்: பூட்ஸ் போட்டிருக்கேன்.

தோட்டக்காரர்: மருந்து வேற அடிச்சிருக்கேன்.

கம்பெனிக்காரர்: இந்த மழையிலயா?

தோட்டக்காரர்: மழைக்கு முன்னாடி. வயல்ல இருக்கறதும் இதே ரகம்தான், கூடையில இருக்கறதைப் பாரு போதும். நல்லாப் பாரு.

கம்பெனிக்காரர்: பாத்து வயிறு நிறைஞ்சு போச்சு.

அண்ணி: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? டீ எடுத்துக்கோங்க தம்பி.

கம்பெனிக்காரர்: நீங்களே சொல்லுங்க அண்ணி. உங்க வீட்டுக்காரர் இதைத் தக்காளின்னு சாதிக்கிறாரு.

அண்ணி: நான் இவரை மனுஷன்னு சாதிச்சுதான் இத்தனை வருஷம் ஓட்டறேன். என் தங்கச்சி எப்படி இருக்கா?

கம்பெனிக்காரர்: நல்லா இருக்கா. என்னைத் திட்டிக்கிட்டு இருக்கா.

அண்ணி: எதுக்கு?

கம்பெனிக்காரர்: அவளுக்கும் பொழுது போகணும்ல... அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நேத்து உங்க பக்கத்துத் தோட்டத்துக்காரன் பழத்தைப் பாத்தேன். அது பழம். ரத்தச் சிவப்பு, கல்லு மாதிரி. அந்தத் தோட்டத்துக்குப் போய் இந்தப் பழமெல்லாம் ட்யூஷன் படிக்கணும்.

தோட்டக்காரர்: அவன் பழம்... அவ்வளவு நல்லாவா இருக்கு?

கம்பெனிக்காரர்: இதுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அண்ணி: ஏங்க, எதுக்கு இப்படி இருமறீங்க?

தோட்டக்காரர்: டீ சூடு.

கம்பெனிக்காரர்: மானஸ்தனா இருந்தா இந்நேரம் இந்தக் கூடையைக் கவுத்திருப்பாரு. உங்க வீட்டுக்காரர் இருமறாரு.

தோட்டக்காரர்: டேய், போதும் நிறுத்து. பிடிக்கலைன்னா எடுக்காத. மார்க்கெட் லாரிக்காரனுக்குப் போட்டுட்டுப் போறேன்.

கம்பெனிக்காரர்: போடுங்க.

தோட்டக்காரர்: என்ன?

கம்பெனிக்காரர்: போடுங்கன்னேன். இன்னைக்கே போடுங்க.

தோட்டக்காரர்: நீயா இதைச் சொல்ற?

கம்பெனிக்காரர்: ஏன் அப்படிப் பாக்கறீங்க?

தோட்டக்காரர்: வருஷா வருஷம் ஒரு கூடை வெளிய போச்சுன்னு கேள்விப்பட்டாலே வாசல்ல வந்து உக்காந்துப்ப. கம்பெனிக்கு வார்த்தை கொடுத்திருக்கோம், உங்களுக்காக நான்தான் அங்க பதில் சொல்லணும்னு உயிரை எடுப்ப. இப்ப போடுன்ற.

கம்பெனிக்காரர்: இது நீராவியில தாங்காதுண்ணே. தோலை உரிக்கறதுக்குள்ள கூழாப் போயிடும். அதான்...

தோட்டக்காரர்: போன வருஷம் இதைவிடக் கேவலமா இருந்ததைக் கெஞ்சிக் கூத்தாடி ஏத்திட்டுப் போன.

கம்பெனிக்காரர்: அது போன வருஷம்.

அண்ணி: தம்பி. டீயைக் கீழ வைங்க.

கம்பெனிக்காரர்: குடிச்சிட்டு...

அண்ணி: கீழ வைங்க. இப்ப என்னைப் பாத்துச் சொல்லுங்க. கம்பெனி இந்தப் பருவம் எடுக்குதா, எடுக்கலையா?

கம்பெனிக்காரர்: அதெல்லாம் மேனேஜரைக் கேக்கணும் அண்ணி.

அண்ணி: என் தங்கச்சி சும்மா திட்டறவ இல்ல.

கம்பெனிக்காரர்: எடுக்கலை அண்ணி. பாய்லரே பத்த வைக்கப் போறதில்லை. வெளிநாட்டுலேருந்து தக்காளிக் கூழ் பீப்பாய் பீப்பாயா வருது. அதைக் கலக்கி டப்பாவுல ஊத்தினா வேலை முடிஞ்சுது. பேரிக்காயும் வேண்டாமாம்.

தோட்டக்காரர்: அப்ப அன்னைக்குக் கூட்டத்துல அமோகம், அமோகம்னு...

கம்பெனிக்காரர்: கப்பல் நேரத்துக்கு வருமான்னு அப்பத் தெரியாது. வராம போனா நம்ம தக்காளி வேணும். அதனால யாரும் வெளிய வித்துடாம பாத்துக்குங்க, செடியிலயே இருக்கட்டும்னு எங்களுக்கு உத்தரவு. இப்பக் கப்பல் வந்துடுச்சு. பீப்பாயெல்லாம் குடோனுக்குள்ள இறங்கியாச்சு. ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாதாம், தெரிஞ்சா எல்லாரும் நஷ்டஈடு கேட்டு வந்து நிப்பாங்களாம்.

அண்ணி: செடியில இருக்கறது அழுகினா?

கம்பெனிக்காரர்: அழுகட்டும்கறாங்க.

தோட்டக்காரர்: இதை வந்ததும் சொல்றதுக்கு என்னடா? வாயில என்ன, பூட்டா?

கம்பெனிக்காரர்: சொன்னா அடுத்த நாளே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. யார் வாயிலேருந்து வெளிய போச்சுன்னு மோப்பம் பிடிச்சிட்டுத் திரியறாங்க. ஆனா பழம் நல்லாயில்லைன்னு சொல்றது என் வேலை. அதை யாரும் கேக்க முடியாது. ரோஷம் வர்ற மாதிரி திட்டினா, போடா நீயும் உன் கம்பெனியும்னு வெளிய வித்துடுவாங்கன்னு...

அண்ணி: அதுக்குத்தான் வாரம் பூரா வீடு வீடாப் போய்த் திட்டிட்டு வரீங்களா? கடைக்குப் போனா தலை காட்ட முடியலை. உன் தங்கச்சி புருஷனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல கொழுப்பான்னு கேக்கறாங்க.

கம்பெனிக்காரர்: கேக்கட்டும். பாதிப் பேர் என்மேல உள்ள கோவத்துல வித்துட்டாங்க.

தோட்டக்காரர்: பெரிய தியாகி. சொந்தச் சகலைகிட்டயும் நாடகம்.

கம்பெனிக்காரர்: உங்ககிட்டதான் தொண்டை வறண்டு போச்சு. எவ்வளவு திட்டினாலும் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. நான் பாத்த தோட்டக்காரங்கள்ல உங்களுக்குத்தான் ரோஷம் கம்மி. உங்களுக்கு அடுத்து அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரன்.

தோட்டக்காரர்: அவனையும் திட்டினியா? இப்பதான் அவன் பழம் ரத்தச் சிவப்புன்ன.

கம்பெனிக்காரர்: அது உங்களைக் கிளப்பி விட. நேத்து அவன்கிட்ட உங்க பழத்தைப் புகழ்ந்தேன். வாய் கூசிச்சு, ஆனாலும் புகழ்ந்தேன்.

அண்ணி: அவரு என்ன சொன்னாரு?

கம்பெனிக்காரர்: சிரிச்சான். 'நீங்க எப்பவும் இப்படித்தான் குறை சொல்வீங்க, கடைசியில எடுத்துப்பீங்க. கம்பெனிக்குன்னு சொல்லிட்டேன், பாய்லர் புகை தெரியற வரைக்கும் ஒரு பழத்தைத் தொட மாட்டேன்'னான். பொண்ணு மேல படிக்கப் போறதே இந்த விளைச்சலை நம்பித்தானாம். நேராச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. என் வீட்டுல இருக்கறவங்க முகம் ஞாபகம் வந்துச்சு... திரும்பி வந்துட்டேன்.

அண்ணி: ம்.

கம்பெனிக்காரர்: அவனை விடுங்க. நீங்களாவது பிழைச்சுக்கோங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டா செடியிலயே கொழகொழன்னு ஆயிடும். கூடையெல்லாம் எங்க இருக்கு? நானும் பறிக்கறேன், கிளம்புங்க.

தோட்டக்காரர்: உக்காரு.

கம்பெனிக்காரர்: உக்கார நேரம் இல்லண்ணே.

தோட்டக்காரர்: உக்காருன்றேன்ல.

அண்ணி: சொல்லித் தொலைங்க. தம்பி மனசுல இருந்ததைக் கொட்டிட்டாரு. இனி நீங்கதான்.

தோட்டக்காரர்: வயல்ல பறிக்கறதுக்கு ஒண்ணும் இல்லடா.

கம்பெனிக்காரர்: ஒண்ணும் இல்லைன்னா?

தோட்டக்காரர்: மேகம் கட்டினப்பவே இந்த மழை லேசுல விடாதுன்னு தெரிஞ்சு போச்சு. பழுத்தது, பழுக்காதது, எல்லாத்தையும் அவசர அவசரமாப் பறிச்சு மார்க்கெட் லாரியில ஏத்திட்டேன். எனக்காக நீ கம்பெனியில வாக்குக் கொடுத்திருக்க, உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு தெரியலை. அதான் வயல் பக்கம் விடலை.

கம்பெனிக்காரர்: அப்ப நான் இவ்வளவு நேரம் திட்டினது... இந்தக் கூடை ஏது?

தோட்டக்காரர்: நீ வரேன்னு தெரிஞ்சதும் பக்கத்துத் தோட்டத்துக்காரன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். சமையலுக்குன்னு கேட்டேன், பாவி, பாத்துப் பாத்துப் பொறுக்கிக் கொடுத்தான். எழுந்திரு, அவன் வீட்டுக்குப் போவோம். கப்பல் வந்த கதையை மார்க்கெட்ல கேள்விப்பட்டேன்னு நானே சொல்றேன், உன் பேரு வராது. நீ பக்கத்துல நின்னு தலையை மட்டும் ஆட்டு. அதையாவது நேரா ஆட்டு.