இரண்டாவது கயிறு

கண்ணாடி துடைக்க வெயில் நல்லதல்ல, சேர். பலர் நேர்மாறாக நினைக்கிறார்கள். வெயில் அடித்தால், ரப்பரை இழுப்பதற்குள் சவர்க்காரத் தண்ணீர் காய்ந்து கண்ணாடியில் கோடு கோடாக நின்றுவிடும். கண்டியில் காலையில் வாவிப் பக்கமிருந்து மூட்டம் ஏறி நிற்கிற நேரம்தான் எங்கள் வேலைக்குத் தோது. உங்கள் யன்னலை யாரோ உச்சி வெயிலில் துடைத்திருக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதுகிற வேகத்துக்கே சொல்கிறேன். பெயர் இராமகிருஷ்ணன். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கட்டாரில் பல வருடம் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்தேன். திரும்பி வந்ததும், உயரமான கட்டடங்களைத் துப்புரவு செய்யும் கம்பனி ஒன்றில் பாதுகாப்புப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். ஆட்கள் என்னை மாஸ்டர் என்பார்கள். அவர்களுக்கு வகுப்பு எடுப்பதும், கயிறுகளைச் சோதிப்பதும் என் வேலை. எதையும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கியவன் அல்ல நான். அதை முதலில் எழுதிக்கொண்டால் நல்லது.

இந்த வேலையில் ஒவ்வொருவனுக்கும் இரண்டு கயிறு உண்டு. முதலாவது, அவன் உட்கார்ந்திருக்கும் பலகையைத் தாங்குவது. இரண்டாவது, மொட்டை மாடியில் வேறொரு தூணில் கட்டப்பட்டு அவனுடைய முதுகுப் பட்டியில் கொளுவப்படுவது. அது சும்மாதான் தொங்கும். முதலாவது விட்டுப்போனால் மட்டும் பிடிக்கும். கட்டாரில் ஒரு நாள் என்னுடைய முதல் கயிறு விட்டது. இரண்டாவது என்னைப் பிடித்தது. நான் விழுந்தது ஓர் ஆள் உயரம்தான். ஆனால் அந்த ஓர் ஆள் உயரத்தில் கற்றுக்கொண்டதை எனக்கு எந்த வகுப்பும் கற்றுத் தந்ததில்லை. அதற்குப் பிறகு இரண்டாவது கயிறு இல்லாமல் நான் ஒரு சுவர் விளிம்பில்கூட நின்றது கிடையாது.

எங்கள் ஆட்களோ வகுப்பில் தலையாட்டுவார்கள். கயிற்றில் கொஞ்சம் இறங்கியதும் முதுகுக் கொளுக்கியைக் கழற்றிவிடுவார்கள். பக்கவாட்டில் நகரும்போது அது முதுகைப் பிடித்து இழுக்கிறதாம். இதில் எல்லோருக்கும் முன்னோடி அழகர். பன்வில ஆள். கயிற்றில் அவனைப் போல வேலை செய்கிற ஒருவனை நான் கட்டாரிலும் பார்த்ததில்லை. மற்றவர்கள் ஒரு யன்னலை முடிப்பதற்குள் அவன் அடுத்ததில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான். ஒரு நாள் வகுப்பில் எழுந்து கேட்டான்:

"முன்னுக்கு ஒரு கவுறு, பின்னுக்கு ஒரு கவுறு. நான் என்னா மாடா மாஸ்டர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கொண்டுவந்த நல்ல மாற்றங்களில் ஒன்று மேலே பொருத்தும் இரும்புப் பூட்டு. முதல் கயிறு அதன் வழியாகத்தான் போகும். தொங்குகிறவனுக்குப் பாதியில் மயக்கம் வந்தால், மேலே நிற்பவன் பூட்டின் கைப்பிடியை அமுக்கி அவனை மெதுவாகக் கீழே இறக்கலாம். கையை எடுத்தால் கயிறு நின்றுவிடும். முழுவதும் அமுக்கிப் பிடித்தால் மட்டும் கயிறு தடையில்லாமல் ஓடிவிடும். உயிரைக் காப்பாற்றுகிற சாமான். அதை வாங்கித் தரும்படி முதலாளியிடம் நான் எத்தனை நாள் கெஞ்சினேன் என்று அவரையே கேளுங்கள்.

ஒரு காலை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு கட்டடத்தில் நிரோஷன் என்பவன் தொங்கிக்கொண்டிருந்தான். மொட்டை மாடியில் கயிறுகளுக்குக் காவல் நிற்கும் நஸீப் தண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். அன்று நிரோஷனின் முதுகில் கொளுக்கியை நானே மாட்டியிருந்தேன், அது அப்படியே இருந்தது. ஆகவே ஆபத்து எதுவும் இல்லை. கைப்பிடியை ஒரு தடவை அமுக்கி விட்டேன். ஒரு முழம்கூடப் போயிருக்காது. அவன் போட்ட சத்தத்தில் கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நிரோஷன் ஒரு நாளும் கொளுக்கியைக் கழற்றவில்லை. போன வருடம் கல்யாணம் முடித்தான், இப்போது ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்தி.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேருக்குச் செய்தேன். இரண்டு பேருமே திருந்தினார்கள். பூட்டில் ஈரம் பட்டு வழுக்கியிருக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். முதலாளி நம்பினார். ஆட்கள் நம்பவில்லை.

சந்தேகம் எப்படிப் பரவும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒருவன் தன் கயிற்றின் முனையில் சிவப்பு நூல் சுற்றி வைத்தான், யாராவது அவிழ்த்துக் கட்டினால் தெரியட்டும் என்று. இன்னொருவன் கயிற்றை வீட்டுக்கே கொண்டு போனான். வேலைக்குப் போகிற வேனுக்குள் பாட்டும் பேச்சும் நின்றுபோயின. தேநீர் குடிக்கும்போதுகூட ஆளுக்கு ஒரு மூலையில் நின்றார்கள். ஒருவன் மாடிக்குப் போனால் மற்றவன் பின்னாலேயே போவான். முதலாளிக்கு இது கவலையாக இருந்தது. எனக்கு அப்படியில்லை. சந்தேகப்படுகிறவன்தான் தன் முடிச்சைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பான். எத்தனையோ வகுப்புகளில் என்னால் முடியாதது அங்கே தானாகவே நடந்துகொண்டிருந்தது.

கடைசியில், இதை யார் செய்வது என்று கண்டுபிடிக்கும்படி முதலாளி என்னிடமே சொன்னார். விசாரிப்பதும் பாதுகாப்புப் பொறுப்பாளரின் வேலைதானே. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரவைத்துக் கேட்டேன், இப்போது நீங்கள் என்னைக் கேட்பதுபோல. எல்லோருடைய சந்தேகமும் நஸீப் மேல் இருந்தது. மாடியில் நிற்பவன் அவன்தான். அதோடு, தோட்டத்துப் பக்கத்திலிருந்து வராத ஒரே ஆளும் அவன்தான். அவன் தனியாக ஒதுங்கித் தொழப் போவதைக்கூட ஒருவன் குறையாகச் சொன்னான். நான் யாருடைய வாயிலும் எதையும் திணிக்கவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன்.

நஸீப் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அல்லாஹ் அறிய நான் தொட்ட இல்ல மாஸ்டர். நீங்க சரி முதலாளிக்கிட்ட சொல்லுங்கொ. எனக்கு இந்தத் தொழில விட்டா வேற ஒண்டுமில்ல."

"நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை நஸீப்" என்றேன். அது உண்மைதான். அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அவனுக்காகப் பேச வந்தவன் அழகர் மட்டும். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலே நின்றான்.

"அவன் செய்யல மாஸ்டர்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நிரோஷன் கவுறு எறங்குன அன்னைக்கி நஸீப் கீழ தண்ணி புடிச்சிக்கிட்டு நின்னான். நான் பாத்தேன். மேல நீங்க மட்டுந்தான் இருந்தீங்க."

நான் மேசையில் இருந்த பொருட்களை ஒழுங்குபடுத்தினேன். அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். பிறகு சொன்னான்:

"பெத்த புள்ளைங்கள வச்சிக்கிட்டு இருக்கிறவன் மாஸ்டர் அவன். நீங்களே யோசிச்சிப் பாருங்க."

போய்விட்டான். இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு நடந்ததற்கும் இந்தப் பேச்சுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது பதிவில் இருக்கட்டும்.

பெரஹரா வரப்போகிறதென்றால் நகரத்தில் எல்லோருக்கும் கண்ணாடி பளபளக்க வேண்டும். ஊர்வலம் போகும் தெருவில் இருக்கிற ஹோட்டல் ஒன்று எங்களைக் கூப்பிட்டது. அன்று காலை நல்ல மூட்டம், வேலைக்குத் தோதான வெளிச்சம். நஸீபின் இடத்துக்கு ஆள் எடுக்காததால் மாடிக் காவலுக்கு நானே நின்றேன். மற்றவர்கள் தெருப் பக்கம் கீழ் மாடிகளில் இருந்தார்கள். பின்பக்க உச்சி யன்னல்களை அழகருக்குக் கொடுத்தேன். அது கஷ்டமான பக்கம், அவனைத் தவிர வேறு யாரையும் நம்பி இறக்க முடியாது.

அவன் வந்து எல்லா முடிச்சுகளையும் தானே இழுத்துப் பார்த்தான். பூட்டை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தான். ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு என்ன இருக்க முடியும்? பலகையில் உட்கார்ந்து விளிம்புக்கு அப்பால் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நஸீப வரச் சொல்லியிருக்கேன் மாஸ்டர். இந்தப் பக்கம் முடிஞ்சோன்ன ரெண்டு பேருமா முதலாளியப் பாக்கப் போறோம்."

"நல்லது, போங்க" என்றேன்.

"எல்லாத்தையும் சொல்லுவேன். நீங்களும் கூட வந்தீங்கன்னா நல்லது. ஆள்ங்க பயப்படணும்னுதான் செஞ்சீங்கன்னு நானே எடுத்துச் சொல்றேன்."

அவன் கோபமாகப் பேசவில்லை. எனக்காக இரக்கப்பட்டுப் பேசினான். அது எனக்குப் புதிதாக இருந்தது. நான் "சரி" என்றேன். அவன் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் பாட்டுக் கேட்டது. வேனில் பாட்டு நின்றபிறகு அவன் பாடி அன்றுதான் கேட்டேன்.

அவன் விழுந்தது ஹோட்டலின் பின்முற்றத்தில், சமையலறைக்குப் போகும் சீமெந்துப் பாதையில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பின்வாசல் கேற்றில் அவனுக்காகக் காத்து நின்ற நஸீப்தான் முதலில் ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்திருக்கிறான். அதனால்தான் அவனுடைய சட்டையெல்லாம் இரத்தம். வேலை போன கோபத்தில் இருந்தவன், அன்று அங்கே வரவேண்டிய அவசியம் இல்லாதவன், பின்படிக்கட்டில் ஏறி இறங்கியிருப்பான் என்று ஆட்கள் சொன்னார்கள். நீங்களும் அவனைப் பிடித்துவந்து இந்தப் பொலிஸ் நிலையத்தில் அடைத்து வைத்தீர்கள். அவன் வீட்டுக் கூரையில் யாரோ கல் எறிந்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படிப்பட்ட காரியங்கள் எனக்குப் பிடிக்காது. யாருக்கும் காயம் படக்கூடாது என்பதுதான் என் தொழிலே.

மரண வீட்டுக்கு நானும் போனேன். பன்விலைக்கு மேலே தோட்டத்து லயத்தில் வீடு. அழகரின் மனைவி கமலம் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"மாஸ்டர், அவரு எப்பயும் உங்களப் பத்தி நல்லாத்தான் பேசுவாரு. யாரு செஞ்சாங்கன்னு நீங்கதான் கண்டுபுடிச்சிச் சொல்லணும்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் இன்று நானாகவே வந்தேன், யாரும் என்னைக் கூட்டிவரவில்லை. அத்தோடு, காரணம் தவறாகப் பதிவானால் திருத்தமும் தவறாகத்தான் போகும். நஸீபுக்கு அந்தப் பூட்டைச் சரியாகத் துடைத்து வைக்கவே தெரியாது. அவன் செய்தான் என்று எழுதினால், இந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கமலம் இன்னொன்றும் கேட்டாள். "போட்டுக்கிட்டாரா மாஸ்டர் அந்த ரெண்டாவது கவுற? கெளம்புறப்ப எங்கையில அடிச்சிச் சத்தியம் பண்ணிட்டுப் போனாரு." அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், அவளிடம் சொல்லிவிடுங்கள்.

போட்டிருந்தான், சேர். நான் விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். முதுகில் கொளுக்கி சரியாகப் பூட்டியிருந்தது, பட்டி முறுக்கில்லாமல் இருந்தது, கயிறு எங்கும் சிக்காமல் நேராக இறங்கியிருந்தது. நான் கற்றுக்கொடுத்தபடியே. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அழகரும் படித்துவிட்டான் என்று எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. முதலாவதை விட்டால் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். அது என்னைவிட யாருக்குத் தெரியும்?

அதனால்தான் இரண்டாவதை முதலில் அவிழ்த்தேன்.