பாட்டுக் கேட்டுத் தூங்கியவர்

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு மாலை. பெங்களூர் ஹோட்டல் ஒன்றில், ஆளுக்கு ஓர் அறையாக நடந்த ஆடியோ கண்காட்சி முடிந்து ஒரு கணவனும் மனைவியும் மைசூர் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். காலடியில், கணவர் வீட்டிலேயே செய்த இரண்டு ஸ்பீக்கர்கள் போர்வை சுற்றிக் கிடந்தன.

"நம்ம ஸ்பீக்கரக் கேட்டுப் பக்கத்து ரூம்காரர் தூங்கிட்டாரு. இனிமே இந்த வேலையே பேடா, வேண்டவே வேண்டாம்," என்றார் அவர்.

"ஃபாரின் ஸ்பீக்கர் விக்கிறவரு. ரெண்டு நாளா அவர் ரூம்ல ஒரே இடிச் சத்தம். பாவம், நம்மகிட்ட வந்துதான் கண் அசந்தாரு. புள்ள தூங்கினா தாலாட்டு சரியில்லன்னா அர்த்தம்?" என்றாள் மனைவி.

"எல்லாரும் சிரிச்சாங்க, வசந்தா."

"நீங்க கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டீங்க. முழிச்சதும் தன் வீட்டுக்கு ஒரு ஜோடி வேணும்னு கேட்டாரு. ஹோட்டல்ல யாருக்கும் தெரிய வேண்டாம்னாரு. அதான் ரயில் கெளம்பினதும் சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் குனிந்து, ஸ்பீக்கர்மேல் நழுவியிருந்த போர்வையைச் சரிசெய்தார்.

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரர் நிதானமாத்தான் செய்வாரு, அவசரப்படுத்தக் கூடாதுன்னேன்."

வழியில் மத்தூர் ஸ்டேஷனில் வடை வந்தது. அவர் ஒன்று வாங்கி, சூடு தணியும்வரை தன் கையிலேயே வைத்திருந்து அவளிடம் கொடுத்தார்.